காய்ச்சல் இல்லாத வீடு

கொசு ஒழிப்பு வேலையில் சேர்ந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அது பெரிய வேலை. முத்தியால்பேட்டையில் எனக்கென்று நான்கு தெருக்கள். வீடு வீடாகப் போய்த் தொட்டி, டிரம் எல்லாம் பார்க்க வேண்டும், யாருக்காவது காய்ச்சலா என்று கேட்க வேண்டும், பிறகு கதவோரச் சுவரில் சாக்பீஸால் தேதி போட வேண்டும். காய்ச்சல் இல்லையென்றால் பக்கத்தில் ஒரு சுழி. பெண்கள் மட்டும் இருக்கிற வீட்டுக்குள் போக எனக்குக் கூச்சம். வாசலில் நின்று கேட்பேன். "இல்ல" என்று உள்ளிருந்து குரல் வந்தால் சுழியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். சில வீடுகளில் குரல் வராமலே போட்டிருக்கிறேன்.

போன மழைக்காலத்தில் எங்கள் அலுவலகத்தில், புதிதாகப் பட்டம் வாங்கிய பிள்ளைகளைப் பொது சுகாதாரப் பயிற்சிக்கு எடுத்தார்கள். ஒரு வருடப் பயிற்சி. எங்கள் பகுதிக்கு ஒரே ஒரு இடம். கடைசிச் சுற்றுக்கு மூன்று பேர் வந்திருந்தார்கள். காலையில் தெருவில் வேலை, பிற்பகல் அதிகாரி முன்னால் நேர்காணல். தெருவுக்கு அவர்களைக் கூட்டிப்போக என்னை அனுப்பினார்கள்.

இரண்டு பையன்கள், ஒரு பெண். பையன்கள் டவுனில் படித்தவர்கள். தங்களுக்குள் இங்கிலீஷில் பேசிக்கொண்டே வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு வில்லியனூர் தாண்டி ஒரு கிராமம், விவசாயக் குடும்பம். அவள்தான் என்னோடு பேசினாள்.

"இது எனக்கு மூணாவது இன்டர்வியூண்ணா. இதுவும் இல்லன்னா சேதராப்பட்டுல கம்பெனிக்குப் பேக்கிங் வேலைக்குப் போயிடுன்னு வீட்ல சொல்லிட்டாங்க."

"கெடைக்கும்மா" என்றேன்.

தையல்கடைக்காரர் ஒருவரின் வீட்டுக்கு வந்தோம். முஸ்லிம் குடும்பம். அவர் கடைக்குப் போயிருந்தார், மனைவி வாசலுக்கு வந்தார். பையன்களில் ஒருவன் கையிலிருந்த தாளைப் பார்த்து, "தங்கள் இல்லத்தில் நீர் தேங்கும் கொள்கலன்கள் உள்ளனவா?" என்று வாசித்தான்.

"என்னா தம்பி, ரேடியோவுல நியூஸ் படிக்கிற மாதிரி படிக்கிற? தமிழ்ல கேளு" என்றார் அந்த அம்மா. எல்லோரும் சிரித்தோம். தொட்டியைக் காட்டினார். காய்ச்சல் உண்டா என்றதற்கு, "யாருக்கும் ஒண்ணும் இல்லப்பா" என்றார். பையன் தாளில் டிக் போட்டான். நான் சாக்பீஸை எடுத்தேன்.

அந்தப் பெண் மட்டும் நகரவில்லை.

"அக்கா, நெலவேம்பு வாசனை வருதே. கசாயம் யாருக்கு?"

"எனக்குத்தான். சும்மா, ஒடம்புக்கு நல்லதுன்னு."

"அந்தக் கசப்பச் சும்மா குடிக்கிறீங்களா? எங்கம்மா என் மூக்கப் புடிச்சுத்தான் ஊத்துவாங்க."

அந்த அம்மா சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினார். உள்ளே எட்டு வயது மகள் படுத்திருந்தாள். ஆறு நாளாகக் காய்ச்சல். வெளியே தெரிந்தால் கடைக்குத் துணி கொடுக்க யாரும் வரமாட்டார்கள் என்று பயந்திருக்கிறார். பயிற்சிக்கு வந்த பெண் உள்ளே போய்க் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, வயிறு வலிக்கிறதா, ஒண்ணுக்குப் போனாயா என்று மெதுவாகக் கேட்டாள். வெளியே வரும்போது முகம் மாறியிருந்தது.

"அண்ணா, ஆட்டோ கூப்பிடுங்க. இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போவணும்."

தாயும் மகளும் ஏறிப் போனார்கள். சுவரில் மூன்று நாளுக்கு முந்தைய தேதி, பக்கத்தில் நான் போட்ட சுழி. அந்தப் பெண் அதைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

பிற்பகல், நேர்காணலுக்கு முன் அதிகாரி என்னை உள்ளே கூப்பிட்டார். அவரோடு இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"காலையில நீதான கூடப் போன? மூணு பேர்ல யாருய்யா நல்லா செஞ்சது? அதுக்குன்னு தனி மார்க் இருக்கு. தாராளமா சொல்லு."

நிலவேம்பைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். சொன்னால், அந்த வீட்டை நீ எப்போது பார்த்தாய் என்று அடுத்த கேள்வி வரும்.

"எல்லாரும் நல்லாத்தான் செஞ்சாங்க சார்."

"எதக் கேட்டாலும் உங்கிட்ட இதே பதில்தான்யா" என்று சிரித்துவிட்டு, மூன்று பேருக்கும் ஒரே மார்க்கை எழுதினார்.

நேர்காணல் முழுக்க இங்கிலீஷில் நடந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பையன்களின் குரல் தடையில்லாமல் வந்தது. அவள் குரல் விட்டு விட்டுத்தான் கேட்டது. முடித்து வந்தவள் நேரே என்னிடம் வந்தாள்.

"உங்களக் கேட்டாங்களாண்ணா?"

"கேட்டாங்க. நல்லா செஞ்சன்னு சொன்னேன்." அதில் பொய் என்று எதுவும் இல்லை. "காலையில நடந்தத நீ சொல்லலியாம்மா?"

"அவங்க கேக்கலியே. நாமளே சொன்னா பீத்திக்கிற மாதிரி இருக்கும். நீங்க சொல்லியிருப்பீங்கன்னு விட்டுட்டேன்."

அடுத்த வாரம் பட்டியலை ஒட்டினார்கள். கொள்கலன் என்று வாசித்த பையனுக்கு இடம் கிடைத்திருந்தது. அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவள் பட்டியலை மேலிருந்து கீழாக இரண்டு தடவை படித்தாள். அந்தக் குழந்தை முந்தின நாள்தான் வீடு திரும்பியிருந்தது. அதைச் சொன்னேன். முகம் கொஞ்சம் தெளிந்தது.

"அது போதும்ணா. நீங்களாவது நல்லா சொன்னீங்களே" என்றாள். கைப்பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

நான் அதிகாரியின் அறை வாசலில் போய் நின்றேன். என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனேன்.

"என்னய்யா?"

"டீ வாங்கியாரவா சார்?"

"மூணு. ஒண்ணு சக்கர இல்லாம."

வாங்கி வந்தேன்.