காதர் காக்கா இறக்கிவைத்த இலுப்பைகள்

காதர் காக்கா மறைந்த செய்தியை எனக்குச் சொன்னவர், கிண்ணியாவிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவருபவர். "காக்கா மௌத்தாகிட்டார் அம்மா. நேத்து அடக்கியாச்சு" என்றார். நான் மீன் வாங்கவில்லை. ஓர்ஸ் ஹில்லில் உள்ள கந்தோருக்கும் அன்று வேலைக்குப் போகவில்லை.

துறைமுகத்தில் அவரோடு பாரம் தூக்கியவர்களுக்கு அவருடைய குரல் நன்றாகத் தெரியும். அவர் என் கணவரின் நண்பர்; முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல நாங்களும் அவரைக் காக்கா என்போம். கணவர் இறந்த மறுவருடம், கப்பல்துறையில் எங்கள் காட்டுக்காணியின் முன்பக்கத்தை வீதி அகலிக்க எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்தது. புயல் விழுத்திய பாலை மரங்களுக்குப் பதிலாகக் கணவர் நட்ட இலுப்பைகள் அங்கேதான், ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றன. அவற்றை வேரோடு பெயர்த்துக் காணியின் பின்பக்கத்தில் வைக்கவேண்டும் என்றேன். "விசர்க் கதை கதையாதை. பின்னுக்குப் புதுக் கன்று வை" என்றார் என் அண்ணன். எனக்குப் புதுக் கன்று வேண்டாம். என் கணவரின் கைபட்ட மரங்கள் வேண்டும்.

காதர் காக்காவிடம் சொன்னேன். "மரமும் சரக்குத்தான் தங்கச்சி. தூக்கிறது பெரிய வேலையில்லை, நோகாம இறக்கிறதுதான் வேலை" என்றார். ஐப்பசியின் முதல் மழைக்குத் தன் ஆட்கள் நாலைந்து பேருடன் வந்தார். வேரைச் சுற்றி அகலமாகத் தோண்டி, மண் உதிராமல் சாக்கால் மூடி, கப்பலைக் கரையில் கட்டும் பழைய கயிற்றால் வரிந்து, தடியில் தொங்கவிட்டுத் தோளில் காவிப் பின்பக்கத்துக் குழிகளில் கட்டோடு இறக்கினார்கள். கண்ணாடிச் சாமான் இறக்குவதுபோல அவர் "மெதுவா, மெதுவா" என்று கத்தியதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணவர் போன பிறகு நான் சிரித்தது அன்றுதான்.

அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. வாளி வாளியாக ஊற்றியும் இலைகள் கருகிக் கொட்டின. "நான் சொன்னனான்தானே" என்றார் அண்ணன். காக்கா வந்து ஒரு மரத்தடியைக் கிண்டினார். கயிற்றில் ஒரு நூலைப் பிய்த்து வாயில் வைத்தவர், துப்பிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். காலம் காலமாகக் கடலில் ஊறிய கயிறு! அத்தனை உப்பையும் வேருக்கு ஊட்டியிருந்தோம். துறைமுகத்து மூளைகளுக்கு வேறு கயிறு தோன்றவில்லை.

நான் நின்றபடியே அழுதேன். "அவர் ரெண்டாந்தரமும் செத்தமாதிரி இருக்கு காக்கா."

"அழாதீங்க தங்கச்சி. இது பட்டுப்போனா, காதர் நட்டது பட்டுப்போச்சு எண்டு என்னை ஏசுங்க. தழைச்சா அது உங்கட மாப்பிள்ளைட, என்ட கூட்டாளிட மரம்."

பிறகு கயிறுகளை வெட்டியெடுத்தார்கள். உப்பேறிய மண்ணை அள்ளி எறிந்து, கிணற்றுத் தண்ணீரால் வேரடியைக் கழுவிவிட்டார்கள். மழை பிடிக்கும்வரை, வேலை முடிந்த கையோடு வந்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு காக்காவே தண்ணீர் அள்ளினார். நான் தேத்தண்ணி கொடுத்தால், "முதல்ல மரத்துக்கு" என்பார்.

பாதி மரங்கள் பட்டுப்போயின. அவற்றுக்காக அவரை ஏச எனக்கு வாய் வரவில்லை. மற்றவை தழைத்து இப்போது பூக்கின்றன. யார் நட்டது என்று கேட்பவர்களிடம், காக்கா சொன்னபடியே, என் கணவர் என்றுதான் இத்தனை காலமும் சொல்லிவந்தேன். காக்கா உயிரோடு இருந்தால் சம்மதிக்க மாட்டார். ஆனாலும் இனி, இரண்டு பேர் நட்ட மரங்கள் என்று சொல்வேன்.