குப்பை வண்டி வந்த தெரு

வீடுகளுக்கு மதிப்புப் போடுவது அவர் தொழில். யாராவது வீட்டுக் கடன் கேட்டால், வங்கி முதலில் இவரைத்தான் அனுப்பும். கையில் எந்நேரமும் அளவு டேப்போடு திரிந்ததால் அலுவலகத்தில் அவர் பெயரே ‘டேப்’ என்றாகிவிட்டது. நல்ல மனிதர், உழைப்பாளி. எல்லாம் தெரியும் என்ற நினைப்பு மட்டும் கொஞ்சம் கூடுதல். அக்கா வீட்டு விஷயத்தில் அதுதான் காலை வாரிவிட்டது.

“நீ பாத்து சரின்னு சொன்னா வாங்கிடறேன்டா” என்றாள் அக்கா. டேப் போனார். சுவரைத் தட்டினார், மொட்டைமாடியில் குதித்தார், சதுர அடியைச் சரிபார்த்தார். தெரு யாருடையது என்பதுதான் பாக்கி. மனை போட்டு விற்பவர்கள் சில தெருக்களை நகராட்சியிடம் ஒப்படைத்துவிடுவார்கள். சிலவற்றை அப்படியே விட்டுவிடுவார்கள். அப்படி விட்ட தெருவில் பள்ளம் விழுந்தால் குடியிருப்பவர்கள்தான் கைக்காசு போட்டு மூட வேண்டும். அதற்கு எல்லா வீட்டுக்காரர்களும் சேர்ந்து ஒப்பந்தம் எழுதியிருக்காவிட்டால் வங்கி கடன் தர யோசிக்கும். இதை ஊருக்கெல்லாம் சொல்கிற ஆள், நகராட்சி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த நேரம் பார்த்தா நகராட்சிக் குப்பை வண்டி தெருவுக்குள் வந்து நிற்க வேண்டும்!

“குப்பை வண்டி வருதில்ல? நகராட்சித் தெருதான்க்கா. கண்ண மூடிட்டு வாங்கு.”

அக்கா கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினாள்.

போன மழையில் அவள் வாசலில் தெரு உள்வாங்கியது. “இது எங்க தெரு இல்ல” என்று நகராட்சி கைவிரித்தது. டேப் தெருவில் விசாரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. குப்பை வண்டி ஓட்டுநரின் மாமியார் வீடு அங்கே இருந்தது. மனிதர் அன்று மதியச் சாப்பாட்டுக்கு வந்திருக்கிறார்.

அத்தானுக்கு மூட்டுவலி. வீட்டை விற்றுவிட்டு மகள் வீட்டுப் பக்கம் போய்விடலாம் என்றிருந்தார்கள். வாங்க வந்தவரின் வங்கி தெரு ஒப்பந்தத்தைக் கேட்டது. அப்படி ஒன்று இல்லை. வந்தவர் போய்விட்டார். டேப்புக்குச் சோறு இறங்கவில்லை. அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்று போவார். அத்தானின் மூட்டுவலியை விசாரித்துவிட்டுத் திரும்புவார். இவ்வளவு கோழையா நாம் என்று அவருக்கே அருவருப்பாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த மனைகளைப் போட்டு விற்ற பெரியவரை அக்கா வீட்டுக்கே வரவழைத்துவிட்டாள். பஞ்சாயத்துக்குத் தம்பியையும் கூப்பிட்டிருந்தாள்.

“தெருவ ஒப்படைக்கலன்னு அன்னைக்கே உங்ககிட்ட சொன்னேனேம்மா” என்றார் பெரியவர்.

“சும்மா அளக்காதீங்க. என் தம்பிக்கு இதுதான் தொழிலே. அவன் விசாரிக்காம சொல்லுவானா? இந்த வயசுல பொய் சொல்ல உங்களுக்கு வெக்கமா இல்ல?”

பெரியவரின் முகம் சுருங்கிவிட்டது. அக்கா தம்பி பக்கம் திரும்பினாள். “நீயே சொல்லுடா.”

டேப் எழுந்து நின்றார். தன் தப்புக்கு இன்னொருவர் திட்டு வாங்குவதை அதற்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“அவர் மேல தப்பில்லக்கா. நான்தான் விசாரிக்கல. குப்பை வண்டியப் பாத்துட்டு வாய்க்கு வந்தத சொல்லிட்டேன். மழை அப்பவே தெரிஞ்சுபோச்சு. சொல்ல பயமா இருந்தது.”

அக்கா பெரியவரிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டாள். வாசல்வரை போய் வழியனுப்பினாள். “போகட்டும் விடுப்பா, வேணும்னேவா செஞ்ச?” என்றார் அத்தான். டேப் அக்காவின் வசவுக்காகக் காத்திருந்தார். நாலு அறை விட்டிருந்தால்கூட நிம்மதியாக வாங்கிக்கொண்டிருப்பார்.

அவள் உள்ளே போய் டீ கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். பிறந்த நாளிலிருந்து அவரை ‘டேய்’ என்றே கூப்பிட்டு வளர்த்தவள்.

“ஆறிடப்போகுது” என்றாள். “குடிச்சிட்டுக் கிளம்புங்க.”