டிரைவர் ஐயாவின் நாலு மணி

டம்ளர் என் தோளில் பட்டுச் சுவரில் மோதியது. அதைவிட டிரைவர் ஐயா என்னைத் திட்டிய வார்த்தைதான் வலித்தது. பென்னலூருக்குப் பக்கத்திலுள்ள முதியோர் இல்லத்தில் நான் நர்ஸாகச் சேர்ந்து மூன்றாவது வருடம் அது. ஒரகடம் கம்பெனிகளுக்கு ஷிப்ட் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். எழுபத்தாறு வயது. காலையில் இன்சுலின் ஊசியோடு போனால், "இன்னா சிஸ்டர், டூட்டி ஏறிட்டியா?" என்று சிரித்துக்கொண்டே சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டுவார். அப்படிப்பட்டவர் சில வாரங்களாக, சாயங்காலம் நாலு மணி வாக்கில் வேறு ஆளாகிக்கொண்டிருந்தார். முறைப்பார், கெட்ட வார்த்தை பேசுவார், பிறகு அப்படியே தூங்கிவிடுவார்.

அவருடைய மகள் ஒரு கார் கம்பெனியில் வேலை பார்த்தார். ஞாயிறுதோறும் பேத்தியோடு வருவார். ஒருநாள் மடியில் ஏற வந்த அந்தக் குழந்தையை ஐயா பிடித்துத் தள்ளிவிட்டார். அதன்பிறகு மகள் தனியாகத்தான் வந்தார். "அப்பாவுக்குப் புத்தி பேதலிச்சிடுச்சி சிஸ்டர். மனநோயாளிங்கள பாத்துக்கிற இடத்துல சேத்துடலாம்னு கீறேன்," என்றார். நானும் தலையாட்டினேன். எனக்கு அவருடைய சர்க்கரை அளவில் ஒரு பெருமை இருந்தது. வெறும் வயிற்றில் எடுத்தால் நூறைத் தாண்டாது. மகளிடம் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்திருக்கிறேன்.

டம்ளரை எடுக்கக் குனிந்தபோதுதான் கவனித்தேன். மார்கழி மாதத்தில், ஓடும் மின்விசிறிக்கு அடியில், அவருடைய பனியன் நனைந்திருந்தது. கையைத் தொட்டேன், சில்லென்றிருந்தது. அந்த நேரத்தில் நான் ஒருநாளும் அவருக்குச் சர்க்கரை பார்த்ததில்லை. விரலில் குத்திப் பார்த்தேன். நாற்பத்தாறுதான். எழுபதுக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து. சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன். கால் மணி நேரத்தில் கண் தெளிந்தது.

"சிஸ்டர், நான் எதுனா தப்பா பேசிட்டனா?"

"ஒண்ணும் பேசல ஐயா. மத்தியானம் சாப்பிட்டீங்களா?"

பல் செட்டைக் கழற்றிக் காட்டினார். "ஈறை அறுக்குது. சோறு முழுங்க முடில. ரசத்தை மட்டும் குடிச்சிட்டு மிச்சத்தை கொட்டிடுவேன். பொண்ணுகிட்ட சொன்னா லீவு போட்டுகினு அலைவா, பாவம்."

காலையில் நான் போடும் ஊசி மத்தியானச் சாப்பாட்டையும் எதிர்பார்த்து வேலை செய்வது. அந்தச் சாப்பாடு உள்ளே போகவில்லை என்பதை நான் பார்க்கவில்லை. மறுநாள் வந்த டாக்டர் மருந்தின் அளவைக் குறைத்தார். "இந்த வயசுல நூறுலயே நிக்கணும்னு பிடிவாதம் வேணாம்மா. கொஞ்சம் ஏறினா சமாளிக்கலாம். இப்படி இறங்கினா ஆளே போயிடுவாரு," என்றார். பல் செட்டைச் சரிசெய்தோம். குழைந்த சாதமும், மூன்று மணிக்குக் கொஞ்சம் சுண்டலும் கொடுத்தோம். நாலு மணிக் கோபம் நின்றுவிட்டது.

அடுத்த ஞாயிறு வந்த மகள் அளவுகளைப் பார்த்து முகம் சுளித்தார். "நூறு இருந்தது நூத்தி எழுபது ஆயிருக்கு. இன்னா பாத்துக்கிறீங்க?"

"நூறுல வச்சிருந்ததுதான்க்கா தப்பு. சாப்பிட்டாரான்னு பாக்காம ஊசி போட்டது நான். சர்க்கரை ரொம்ப இறங்கினதாலதான் அப்படி நடந்துகிட்டாரு. உங்க அப்பாவுக்குப் புத்தி கெடல."

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

இன்றும் அதே இல்லத்தில்தான் இருக்கிறேன். டிரைவர் ஐயா அதற்குப் பின் இரண்டு வருடம் எங்களோடு இருந்தார். இப்போதெல்லாம் நான் யாருக்கும் அளவை மட்டும் பார்த்து ஊசி போடுவதில்லை. தட்டைப் பார்க்கிறேன், வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறேன். ஆனாலும் அந்த வாரங்களை நினைத்தால் மனசு உறுத்தத்தான் செய்கிறது.

அன்று பெஞ்சிலிருந்து எழுந்து போன மகள், மறு ஞாயிறு குழந்தையோடு வந்தார். அது தயங்கித் தயங்கித் தாத்தாவின் கட்டிலருகே போனது.

"இத்தினி நாளா ஏம்மா இவள இட்டாரல?"

நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை. மகள் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"பரீட்சைப்பா," என்றார் மகள்.

"எல்கேஜிக்கு இன்னா பரீட்சை!" என்று சிரித்தபடி, அவர் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.