லத்சமி அக்காவின் சோதனைப் பதிப்பு

லாவோஸ் தலைநகர் வியஞ்சானில் எங்கள் பள்ளியில் லத்சமி அக்கா கணினி ஆசிரியை. சம்பளம் அதற்குத்தான். இலவச மென்பொருள்களை லாவோ மொழிக்குப் பெயர்ப்பது அவராக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. "உங்களுக்கு வேற பொழப்பே இல்லையா அக்கா?" என்று பக்கத்து வகுப்பில் கணக்கு நடத்தும் நான் கேட்பேன். சிரிப்பார்.

இந்த ஆண்டுதான் பள்ளிக் கணினிகளை லாவோவில் ஓட்டத் தலைமையாசிரியர் அரைமனதாகச் சம்மதித்திருந்தார். தகராறு வந்தால் பழையபடி தாய்லாந்து மொழி என்பது பேச்சு.

மொழிபெயர்த்த வரி தனியாக அழகாகத்தான் இருக்கும். திரையில் பொத்தானுக்குள் போனால்தான் இடம் போதாமல் வெட்டுப்படும் லட்சணம் தெரியும். அதனால் புதிய மென்பொருள் வெளிவருமுன் அதன் சோதனைப் பதிப்பைப் பென் டிரைவ்களில் ஏற்றி, ஆசிரியர்கள் ஐந்து பேருக்கு அக்கா கொடுத்தார். செருகிக் கணினியைத் தொடங்கினால் போதும், நிறுவ வேண்டாம். வெட்டுப்பட்ட எழுத்தைக் கண்டால் படம் பிடித்து அனுப்ப வேண்டும். கட்டுரை எழுதும் செயலி வரலாற்று ஆசிரியர் கம்சாய் பங்குக்கு வந்தது.

"எல்லாம் பக்காவா இருக்கு அக்கா," என்றான் அவன்.

மென்பொருள் வெளிவந்தது. பிள்ளைகள் ஆண்டிறுதிக் கட்டுரையை எழுதி மூடப் போனார்கள். திரையில் இரண்டு பொத்தான்கள். ஒன்று சேமித்து மூட, மற்றது சேமிக்காமல் மூட. லாவோவில் 'மூடு' என்பதுதான் முதலில் வரும்; இரண்டிலும் பின்பாதி வெட்டுப்பட்டு, அது மட்டும் நின்றது. கைக்கு வந்ததை அழுத்தினார்கள். பாதி வகுப்பின் கட்டுரை போயிற்று.

அக்கா கம்சாயைப் பிடித்துக்கொண்டார்.

"நிஜமாவே பாத்தியா?"

"ஒரு மெனு விடலயே."

"எந்த மொழியில?"

"ஆரம்பத்துல மொழி கேட்டுச்சு. தாய்லாந்து மொழிய எடுத்தேன். அதுதானே கைப்பழக்கம்."

மற்ற நால்வரும் அதைத்தான் செய்திருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சோம்பேறி என்றாலாவது திட்டலாம், இவர்கள் ஒழுங்காக உட்கார்ந்து உழைத்திருக்கிறார்கள். மேகாங் ஆற்றுக்கு அக்கரைத் தாய்லாந்து டிவியைப் பார்த்து வளர்ந்த புத்தி.

கணினிகளைப் பழையபடி தாய்லாந்து மொழிக்கு மாற்றும் வேலையைத் தலைமையாசிரியர் அக்கா தலையிலேயே கட்டினார். நான் கூடவே நின்றேன்.

"பிழையச் சொன்னா அடுத்த பதிப்புல சரியாயிடும்ல அக்கா?"

"ஆயிடும். யாரு பாக்கப்போறா?"

கட்டுரையைப் பறிகொடுத்த ஒரு சிறுமி, மாறிய திரையைப் பார்த்து முகம் மலர்ந்தாள்.

"இப்பதான் டீச்சர் நல்லாப் புரியுது. முன்னாடியே நீங்க இப்படி மாத்தியிருக்கலாம்."