சஜிதாவும் பாகற்காய்ச் சாறும்

மெல்பேர்னின் டண்டினொங் பகுதியில் பண்டகசாலை வேலை செய்யும் சஜிதாவுக்கு ஒன்பது வயதிலிருந்தே நீரிழிவு, வீட்டார் சொல்லும் 'சீனி வருத்தம்'. ஆனாலும் மெல்பேர்ன் பெண்கள் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் எதிராளியை மறித்து வீழ்த்துவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அமெரிக்கக் கல்லூரிகள் இந்த விளையாட்டைத் தொடங்கிய காலத்தில் இன்சுலினே கிடையாது. அவளைப் போன்றவர்கள் உயிர் பிழைப்பதே அரிது. அதை நினைத்தால் அவளுக்கு நெஞ்சு நிமிரும்.

ஆனால் நோயைப் பற்றி அணியில் எவரிடமும் அவள் சொன்னதில்லை. "வெளியில தெரிஞ்சா ஆர் உன்னைக் கட்டுவினம், பிள்ளை?" என்று அம்மா விமலா வாயை அடைத்திருந்தாள்.

இறுதிப் போட்டியின் இடைவேளையில் ஒருவருக்கும் தெரியாமல் மானியில் அளவு பார்த்தாள். இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டது. பழச்சாற்றுப் போத்தலை எடுத்துக் குடித்தாள். ஒரே கசப்பு! ஆட்டம் பார்க்க வந்து ஓரத்தில் நின்ற விமலாவிடம் ஓடினாள்.

"அம்மா, இதென்ன?"

"பாகற்காய்ச் சாறு பிள்ளை. சீனி வருத்தத்துக்கு நல்லதெண்டு மாத்தி ஊத்தினனான்."

"ஐயோ, எனக்கு இப்ப சீனிதானே வேணும்!"

இனி மறைக்க முடியாது. நேரே பயிற்சியாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஜெலி இனிப்புகளை நீட்டி, "அளவு ஏறினால்தான் களம்" என்றார்.

ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் அளவு ஏறியது, களமிறங்கினாள். பந்தோடு ஓடிவந்த எதிரணிக்காரி எல்லைக்கோட்டைத் தாண்டினால் தோல்விதான். கோட்டுக்கு இரண்டடி முன்னால் அவளைச் சஜிதா சாய்த்தாள். கிண்ணம் சஜிதாவின் அணிக்கே.

"அது என்ர பிள்ளை! சீனி வருத்தத்தோடதான் விளையாடுறாள்!" என்று பக்கத்தில் நின்ற எல்லோரிடமும் சொன்னாள் விமலா.