நெருப்பைக் குடித்த கல்

மாராயி வீட்டுக் கூரையில் புகை தெரியக் கூடாது. தெரிந்தால் அவள் ஊரை விட்டுப் போய்விட வேண்டும்.

ஜெர்மன் சண்டை முடிந்த மறு வருஷம் கொல்லிமலையில் சாமை விளையவில்லை. வாசலூர்பட்டிக்கு மேற்கே ஒரு சிற்றூரில் தனியாக இருந்த மாராயி, மலையிறங்கிப் போய் சேந்தமங்கலம் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் சுடும் ஒரு காளவாயில் கல் சுமந்தாள். புருஷன் முன்பே இறந்துவிட்டான். பசிக்கு அங்கே காளவாய்க்காரர்கள் ஆக்கிய சோற்றைத் தின்றாள். கீழ்நாட்டில் அந்நியர் கையால் உண்ணக் கூடாது என்பது அவள் ஊரின் கட்டுப்பாடு.

ஆவணியில் திரும்பி வந்தவளை ஊர்க்கவுண்டர் அப்பாசாமி, ஊர் கூடும் மந்தையில் நிறுத்தினார். தை பிறக்கும் வரை யாரும் அவளுக்கு நெருப்பும் தண்ணீரும் கொடுக்கக் கூடாது, பேசக் கூடாது. அவள் கூரையில் புகை வந்தால் யாரோ நெருப்புக் கொடுத்ததாக அர்த்தம். யார் என்று ஊர் விசாரிக்காது. அவள்தான் போக வேண்டும். சேந்தமங்கலத்துக் கடையில் தீப்பெட்டி கிடைத்தது. வாங்கி என்ன செய்ய? எந்த நெருப்பானாலும் புகை ஒன்றுதான்.

பேசாமல் கீழேயே இருந்திருக்கலாம். ஆனால் அடுத்த வீட்டில் தங்கை அத்தாயி இருந்தாள். மாசியில் தலைப்பிரசவம். தாய் இல்லாத பெண்கள் இருவரும். தீர்ப்புக்கு முன்பே வேலியோரம் நின்று அத்தாயி சொல்லியிருந்தாள்:

“எனக்கு வலி எடுக்கையில நீதான் பக்கத்துல இருக்கோணும் அக்கா.”

தீர்ப்புக்குப் பிறகு வேலிக்கு அந்தப் பக்கமிருந்து இருமல் மட்டும் வந்தது. அத்தாயிக்கு இருமல் வியாதி எதுவும் கிடையாது. மாராயியும் பதிலுக்கு இருமினாள். அவ்வளவுதான் பேச்சு.

புரட்டாசி வரை சமாளித்தாள். காட்டு ஊற்றில் தண்ணீர் மொண்டாள், ஊறவைத்த மாவைப் பச்சையாகக் குடித்தாள். ஐப்பசி மழை பிடித்ததும் வயிறு அதை ஏற்க மறுத்தது. மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. கைவிரல்கள் மடங்கவில்லை.

அப்போதுதான் மூலையில் இருந்த பானை ஞாபகம் வந்தது. வெற்றிலைக்கு ஆகும் என்று காளவாயிலிருந்து சுட்ட கல்லை வாங்கி வந்திருந்தாள். காளவாயில் பாறைக்கல்லை நாள்கணக்கில் எரிப்பார்கள். எடுக்கும்போது கல் கல்லாகவே இருக்கும், தூக்கினால் மட்டும் இலேசாக இருக்கும். ஆறிய பிறகு கையில் வைத்தால் குளிர்ந்துதான் கிடக்கும். தண்ணீர் தெளித்தால் சீறும், வெடிக்கும், கொதிக்கும், கடைசியில் மாவாகிவிடும். இதைத்தான் சுண்ணாம்பு தாளிப்பது என்பார்கள். கடுகு பொரிகிற மாதிரியே சத்தம் வரும்.

பெரிய சட்டியில் கல்லைப் போட்டாள். நடுவில் மாவு கரைத்த சின்னச் சட்டியை வைத்தாள். தண்ணீர் தெளித்தாள். கூழ் சூடானது. புகை இல்லை. சட்டியைச் சுற்றிக் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

ஒரு கல் ஒருமுறைதான் சூடு தரும். பிறகு எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் அது வெறும் சுண்ணாம்பு. பானையின் மேல்பகுதிக் கற்கள் தண்ணீரே படாமல் பொடிந்து கிடந்ததைப் பார்த்துத் திடுக்கிட்டாள். மூடுபனி பானைக்குள் நுழைந்து, யாருக்கும் பயன்படாமல், சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிட்டிருந்தது. அன்றிலிருந்து பானை வாயைக் களிமண்ணால் பூசி மூடினாள். கல்லைச் சிக்கனமாக எடுத்தாள். தை வரை தாங்கும் போலிருந்தது.

மார்கழியில் ஒரு விடியலில், தினைக்காட்டுக் காவலுக்குப் போய்த் திரும்பிய சென்றாயன் அவள் கூரையில் வெள்ளையாக ஏதோ கிளம்புவதைப் பார்த்தான். ஊர் திரண்டு வந்தது. அப்பாசாமி குனிந்து அடுப்புச் சாம்பலுக்குள் கையை விட்டார். ஈரமாக இருந்தது. உள்ளேயிருந்து ஒரு தவளை குதித்தது.

“குடியிருக்கிறவனைக் கிளப்பி விட்டுட்டீங்களே,” என்றான் சென்றாயன். சிரிப்பு எழுந்தது.

ஆனால் கூழ்ச்சட்டி சுட்டது. மாராயி ஒரு கல்லை எடுத்து வைத்துத் தண்ணீர் தெளித்துக் காட்டினாள். அது சீறியதும் முன்னால் நின்றவர்கள் பின்வாங்கினார்கள். அப்பாசாமி கெட்டவர் இல்லை. இது ஆவிதான், புகை இல்லை, தை வரை அவள் இருக்கட்டும் என்றார். கூட்டம் கலையத் தொடங்கியது. வேலிக்கு அந்தப் பக்கம் அத்தாயி வயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

வாசலைத் தாண்டும்போது அவர் சும்மா ஒரு வார்த்தை கேட்டார்.

“ஏன் கண்ணு, சூடு எங்கிருந்து வருது? தண்ணியில இருக்குதா, கல்லுல இருக்குதா?”

ஆவணிக்குப் பிறகு ஒரு மனிதக் குரல் அவளிடம் கேள்வி கேட்டது அதுதான் முதல்முறை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். மாராயிக்குப் பேச ஆசையாக இருந்தது.

“கல்லுலதானுங்க. காளவாயில எரியற நெருப்பைக் கல்லு குடிச்சுக்குதுங்க. ஆறிப்போச்சுன்னு நாம நினைக்கிறோம். அது உள்ளேயே வெச்சிருக்குது. தண்ணி பட்டா, குடிச்சதுல ஒரு பங்கைத் திருப்பிக் குடுத்துருது.”

அவர் நின்றுவிட்டார்.

“அப்ப இது காளவாய்க்காரங்க நெருப்பு.”

கலைந்த கூட்டம் மறுபடி கூடியது; கல்லில் இருப்பதும் அந்நியர் கொடுத்த நெருப்புத்தான் என்று தீர்ப்பானது. யாரும் அவளைத் திட்டவில்லை. அன்று பொழுது சாய்வதற்குள் அவள் சட்டி பானைகளோடு இறங்கினாள். வேலியோரம் வந்தபோது இருமல் கேட்டது. அவளால் பதிலுக்கு இரும முடியவில்லை.

மலைப்பாதையின் பாதி இறக்கத்தில், ஒரு பாறைச் சரிவில் குடிசை போட்டுக்கொண்டாள். இப்போது அவளுக்கு நெருப்பு இருந்தது, தினமும் அடுப்பு எரிந்தது. எதிரே உட்கார்ந்து தின்ன ஆள் இல்லை. காளவாயிலிருந்து கல் வாங்கி வந்து தாளித்து வைத்தாள். ஏறி இறங்குகிறவர்கள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு வாங்கினார்கள். தாளித்த சுண்ணாம்பில் நெருப்பு இல்லை என்பதால் ஊர்க்காரர்களும் வாங்கினார்கள். மாசியில் ஒருவர் விரலில் சுண்ணாம்பைத் தொட்டபடியே, அத்தாயிக்குப் பெண் பிறந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மறு ஐப்பசியில் மழைக்கு நடுவே சென்றாயன் வந்து நின்றான். அத்தாயி சுண்ணாம்பு கேட்டாளாம்.

“ஆனா கல்லாத்தான் வேணுமாம். தாளிச்சதே இவ்வளவு இருக்குதே, அதைக் குடுத்தா ஆகாதா?”

அத்தாயி வீட்டில் அடுப்பு இருந்தது, விறகு இருந்தது. கல் நெருப்புத்தான் என்று ஊர் கூடித் தீர்ப்புச் சொன்னபோது அவள் வேலியோரம் நின்று கேட்டிருந்தாள். தெரிந்தேதான் அந்த நெருப்பைக் கேட்கிறாள்.

“ஆகாதுங்க,” என்றாள் மாராயி.

நல்ல கற்களாகப் பொறுக்கி எடுத்தாள். காய்ந்த இலையில் சுற்றி, புதுக் கலயத்தில் வைத்து, வாயைக் களிமண்ணால் பூசினாள். மண் காயும் வரை அவனை உள்ளே உட்காரச் சொன்னாள். அவன் வெளியிலேயே நின்றுகொண்டான்.

“நனையாமக் கொண்டு போய்ச் சேத்துருங்க.”