மாமன் மடியில் காதுகுத்து

எங்கள் பெரியப்பா வாயைத் திறந்தால் வீட்டில் மற்ற எல்லோரும் மூடிக்கொள்வார்கள். அப்பாவின் அண்ணன், குடும்பத்துக்கு மூத்தவர். அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் எதிரில் நின்று ஒரு வார்த்தை பேசியதில்லை. அவருக்கான காப்பியைக்கூட அப்பா கையில்தான் கொடுத்தனுப்புவாள்.

ஒன்றாம் வகுப்பு முடித்த கோடையில், உத்திரமேரூர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் குலதெய்வக் கோயிலில் எனக்கு மொட்டையடித்துக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அம்மாவின் ஒரே தம்பியான மாமா, காவாந்தண்டலத்திலிருந்து சீர்த்தட்டோடு வந்திருந்தார். தட்டில் எனக்குப் பட்டுப்பாவாடையும் புதுக் கம்மலும் இருந்தன.

மாமா மணையில் உட்காரப் போனபோது பெரியப்பா தடுத்தார். மாமாவின் மனசு பெண்களிடம் போகவில்லை, ஆண்களிடம்தான் போகிறது என்ற பேச்சு அதற்குள் ஊரெல்லாம் பரவியிருந்தது. தெருவில் பையன்கள் கத்துகிற கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லி, அவன் மடியில் வேண்டாம், வேறு யாராவது உட்காரட்டும் என்றார். மாமா தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தலைகுனிந்து கிளம்பினார்.

அம்மா நேராகப் போய்ப் பெரியப்பா எதிரில் நின்றாள்.

"அந்த வார்த்த வாணாம். என் தம்பி தன்பால் ஈர்ப்பாளர். மருவாதியா சொல்றதுக்குப் பேரு கீது. எம் பொண்ணுக்கு மாமன் அவன்தான். அவன் மடியிலதான் குத்தணும்."

அடேயப்பா! செய்தி வாசிப்பவர்கள் சொல்ல வேண்டிய சொல் எங்கள் அம்மா வாயில் எப்படி வந்தது? குரல் நடுங்கியது, ஆனால் ஓரெழுத்தைக்கூட அவள் விழுங்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தலையில் மயிர் இருந்திருந்தால் அதுவும் சிலிர்த்திருக்கும். பொருள் தெரியாததால், கலெக்டருக்கும் மேலே ஏதோ பெரிய பதவி போலிருக்கிறது, மாமா நம்மிடம் சொல்லவே இல்லையே என்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊசியோடு காத்திருந்த ஆசாரி அப்பாவைப் பார்த்தார். அப்பா மாமாவின் கையைப் பிடித்து இழுத்து வந்து மணையில் உட்கார வைத்தார். பெரியப்பா துண்டை உதறிக்கொண்டு வெளியே போனவர், சாப்பாட்டுக்கு மட்டும் திரும்பி வந்தார்.

இரண்டு காதும் குத்தி முடித்தபோது என் மொட்டைத் தலையில் சொட்டுச் சொட்டாக ஏதோ விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் மாமா அழுதுகொண்டிருந்தார். அவ்வளவு பெரிய பதவியில் இருப்பவர் இதற்கெல்லாமா அழுவார்?

"எனக்கு வலிக்கவே இல்ல மாமா, அழாத" என்று அவருக்கு நான்தான் தைரியம் சொன்னேன்.